ஸ்கூபி-டூவும் ஐந்து கல்லூரிகளும்: வெறும் கட்டுக்கதை

'ஸ்கூபி-டூ கார்ட்டூனின் ஐந்து பாத்திரங்களும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஐந்து கல்லூரிகளைக் குறிக்கின்றன. ஷாகி என்பவன் ஹாம்ப்ஷயர் கல்லூரி' என்று ஒரு தகவல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையில்லை.

தேதியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. தொடர் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது 1969 செப்டம்பர் 13 அன்று. ஹாம்ப்ஷயர் கல்லூரி முதல் மாணவர்களைச் சேர்த்ததோ 1970இல். இன்னும் வராத மாணவனைப் பார்த்து யாரால் பாத்திரம் எழுத முடியும்?

சரி, அப்படியானால் பாத்திரங்கள் எங்கிருந்து வந்தன? உருவாக்கியவர்கள் ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ். ஹன்னா-பார்பரா என்ற கார்ட்டூன் தயாரிப்பு நிறுவனத்தில் படத்தொகுப்புப் பிரிவில் வேலை பார்த்து, அப்புறம் எழுத்துக்கு வந்த இரட்டையர். அவர்களுக்கு முன்மாதிரி, 1959 முதல் 1963 வரை அதே சிபிஎஸ்ஸில் ஓடிய டோபி கில்லிஸ் நகைச்சுவைத் தொடரின் இளைஞர்கள். ஷாகியின் தாடையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குறுந்தாடியும் மெத்தனமான பேச்சும் அதில் வரும் மேனார்ட் க்ரெப்ஸிடமிருந்து வந்தவை. ஸ்கூபி-டூவின் இன்னொரு பாத்திரமான வெல்மாவிடம் டோபி கில்லிஸில் வரும் ஸெல்டாவின் சாயல். அந்தத் தொடரின் நாயகன் டோபிதான் இங்கே ஃப்ரெட்.

1977இல் இருவரும் சேர்ந்து ரூபி-ஸ்பியர்ஸ் என்ற சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தையே தொடங்கினார்கள். ரூபி 2020 ஆகஸ்டிலும் ஸ்பியர்ஸ் அதே ஆண்டு நவம்பரிலும் காலமானார்கள்.