சில வீடுகளுக்கு நாங்கள் ஏன் புல் வெட்டப் போவதில்லை

ஒரு வீட்டு வேலையை விட்டுவிட்டோம் என்று தெரிந்தால் எல்லாரும் கேட்பது, "என்னண்ணே, காசு கட்டுப்படியாகலையா?" என்பதுதான். பெரும்பாலும் அது காரணமே இல்லை. ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம், இந்தப் பக்கம் கீழக்கரை என்று வீடுகளிலும் லாட்ஜ்களிலும் புல்தரை போட்டுப் பராமரிக்கும் வேலையை எடுத்துச் செய்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும் விஷயம் இது. வெளியிலும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் பிரச்சினை தண்ணீர். கடலோரம் பெரும்பாலும் மணல்தான், ஊற்றுவது எதுவும் மேலே நிற்காது. மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். மற்ற மாதங்களில் போர் தண்ணீரை நம்பித்தான் புல் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் இறங்கித் தங்கிய மழைநீர். அதற்குக் கீழே இருப்பது உப்புத் தண்ணீர். மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினால் கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறிவிடும். தனுஷ்கோடிப் பக்கம் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உப்பு ஏறிய தண்ணீரைப் பாய்ச்சினால் முதலில் புல்லின் நுனி கருகும். அப்புறம் மண் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அருகம்புல் வகைகள் இதை ஓரளவு நன்றாகவே தாங்கும். பஃபலோ புல் என்று விற்கிறார்களே, அந்த அகல இலைப் புல் தாங்காது. வேலையைத் தொடங்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறோம். கேட்டுக்கொள்பவர்கள் நிறைய. ஆனால் பெங்களூரில் எடுத்த போட்டோவைக் காட்டி "இதேதான் வேணும்" என்று போட வைத்து, சித்திரையில் மஞ்சளானதும் "உங்க ஆளு ஒழுங்கா தண்ணி விடல" என்று மாதப் பணத்தைப் பிடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு மறுபடி என் ஆட்களை நான் அனுப்புவதில்லை. புல் இன்னொரு தடவை வளரும். செய்யாத தப்புக்கு ஏச்சு வாங்கிய பையன் அதை மறக்க மாட்டான்.

ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. மாசக்கணக்கில் கூப்பிடாமல் இருந்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் முழங்கால் உயரப் புல்லை ஒட்ட வெட்டச் சொல்வார்கள். வெட்டினால் அடித்தண்டு வெயிலில் காய்ந்து பழுப்பாகும். பழி எங்கள் மேல்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு தொழில்காரருக்கு 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுத்தடிக்கக்கூடாது. ஆனால் என் ஆட்களுக்குக் கூலி சனிக்கிழமை மாலை கொடுத்தாக வேண்டும். "சீசன் முடியட்டும்" என்று சொல்லும் லாட்ஜுக்காக எத்தனை சனிக்கிழமை கடன் வாங்குவது?

நான் பொறுத்துக்கொள்ளவே முடியாத விஷயத்துக்கு வருகிறேன். என் ஆட்களை நடத்தும் விதம்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார். கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார். பதினோரு மணி வெயிலில் மெஷினைத் தோளில் மாட்டி வெட்டிக்கொண்டிருந்த பையன் வேப்ப மரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்தால் எனக்கு போன் வரும், "எதுக்கு உக்காந்திருக்கான்?" என்று. குடிக்கத் தண்ணீர் கேட்டால் தோட்டத்துக் குழாயைக் காட்டும் வீடுகள் இருக்கின்றன. அதில் வருவது நான் மேலே சொன்ன அதே உப்புத் தண்ணீர். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த மிக நல்ல வாடிக்கையாளர்களில் சிலர் வளைகுடாவில்தான் இருக்கிறார்கள். ஆட்கள் போகும் முன்னேயே மோர் தயாராக இருக்கும் வீடுகள் அவர்களுடையவை.

களைக்கொல்லியும் இதில் சேர்ந்ததுதான். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் மூலமாக மட்டுமே அடிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. ஆனாலும் ஒரு பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, கையுறைகூட இல்லாத பையனிடம் "சும்மா அடிச்சு விடு தம்பி" என்கிறார்கள். நான் இல்லாத நேரம் பார்த்துச் சொல்கிறார்கள். இன்னொன்று, காலி கண்ணாடிப் பாட்டில் குத்துச்செடிக்குள் கிடந்தால் பிளேடில் பட்டுத் தெறிக்கும், பொறுக்கிப் போட்டுவிடுங்கள் என்று லாட்ஜ்களில் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகும் கண்ணாடித் துண்டு காலில் ஏறிய ஆள் என்னிடம் இருக்கிறான். அந்த இடத்தையும் விட்டேன்.

விடும்போது சண்டை போடுவதில்லை. ஒரு மாதம் முன்னால் சொல்கிறேன். எந்தப் பக்கம் உப்பு அதிகம், எந்த வால்வு மெதுவாகத் திறக்கும் என்பதை எழுதிக் கொடுக்கிறேன். அடுத்து வருகிறவரும் நம்மைப் போல உழைக்கிறவர்தானே. "ஆள் கிடைக்கலை, மறுபடி வாங்க" என்று சிலர் கூப்பிடுவார்கள். குடிக்கத் தண்ணீர், உட்கார நிழல், மாதம் முடிந்து பத்து நாளுக்குள் பணம் என்று கேட்பேன். ஒத்துக்கொண்டு அதன்படி நடக்கிறவர்களிடம் இப்போதும் வேலை செய்கிறேன்.

மழைக்கு முன்னால் புதிதாகச் சில வீடுகள் எடுக்கலாம் என்று இருக்கிறேன். விருப்பம் உள்ளவர்கள் உங்கள் போர் தண்ணீரை வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, அந்தச் சீட்டை எனக்கு அனுப்புங்கள். எந்தப் புல் போடலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.