வேப்பமரத்துக்காக வருந்தினால் விசுவாசம் குறைந்துவிட்டதா?

கார் நிறுத்த இடம் வேண்டும் என்று நம் ஆலய வளாகத்து வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். அதற்காக வருந்தி நான் முகநூலில் எழுதியதும் அதற்குக் கீழே நடந்த சண்டையும் உங்களில் பலருக்குத் தெரியும். அதைத் திரும்ப விளக்கப் போவதில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பிள்ளைகளுக்கு வேதம் கற்றுத்தரும் ஓய்வுநாள் பாடசாலையில் என்னிடம் படித்த தம்பி ஒருவர், "ஆத்துமாக்கள் அழிந்துகொண்டிருக்கும்போது ஒரு மரத்துக்காக அழுகிறீர்களே அக்கா, உங்களுக்கு ஆவிக்குரிய பாரம் குறைந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார். நம் சபையார் பலர் அதற்கு ஆமென் போட்டிருக்கிறார்கள். இனியும் வாய் மூடியிருந்தால் நான் அதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தம்பி, மரத்தைக் காப்பதும் விசுவாசத்தைச் சேர்ந்த வேலைதான். மனுஷனுக்குக் கர்த்தர் கொடுத்த முதல் வேலையே அதுதான். ஏதேன் தோட்டத்தை "பண்படுத்தவும் காக்கவும்" அவனை வைத்தார் என்று ஆதியாகமம் 2:15 சொல்கிறது. பாவம் உலகத்துக்குள் வருவதற்கு முன்பே கொடுத்த வேலை. அப்போது ஆலயம் இல்லை, கமிட்டி இல்லை, காணிக்கைப் பை இல்லை. தோட்டம் இருந்தது. இந்த வசனத்தை உங்களுக்கு மனப்பாடம் செய்யவைத்ததே நான்தானே?

"பூமியை ஆண்டுகொள்ளுங்கள் என்றும் எழுதியிருக்கிறதே" என்கிறார் இன்னொருவர். எழுதியிருக்கிறது. "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது" என்றும் சங்கீதத்தில் எழுதியிருக்கிறது. அடுத்தவருக்குச் சொந்தமானதை ஆளும்படி நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றால் கணக்கும் கேட்பார்கள். கீழ்ப்படுத்தச் சொன்ன வசனம் மட்டும் நினைவிலிருக்கிறது, உடைமைக்காரர் யாரென்பது மறந்துபோகிறது. கிறிஸ்தவர்கள் இயற்கையைச் சுரண்ட வேதத்தையே சாக்காக்கினார்கள் என்று 1967இல் லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் எழுதினார். அது அநியாயமான பழி என்றுதான் நான் இதுநாள்வரை வாதாடிவந்தேன். இனி எந்த முகத்தோடு வாதாடுவேன்?

எதிரியின் பட்டணத்தை முற்றுகை போட்டிருக்கும்போதும் கோடரியை ஓங்கி அதின் மரங்களைச் சேதப்படுத்தாதே என்கிறது உபாகமம் 20:19. அது கனிமரங்களுக்குத்தான் என்று ஒரு பெரியவர் என்னைத் திருத்தினார். வேம்பு கனி தரவில்லையா ஐயா? ஆனி, ஆடியில் அந்த மரத்தடி முழுவதும் மஞ்சள் மஞ்சளாகப் பழம் உதிர்ந்து கிடக்கும். மைனாவும் காக்கையும் தின்றதுபோக மீதியைப் பிள்ளைகள் சப்பித் துப்புவார்கள். என் அம்மா விடியற்காலையில் நார்ப்பெட்டியோடு போய் வேப்பமுத்து பொறுக்குவார். தோல் நீக்கி, கழுவி, வாசலில் சாக்கு விரித்துக் காயவைத்து, பலசரக்குக் கடையில் எடைக்குப் போடுவார். அந்தக் காசுதான் அவருடைய அறுப்பின் பண்டிகைக் காணிக்கை. எங்களுக்கு வயல் இல்லை, அறுக்க ஒன்றும் இல்லை. கோயில் மரம் கொடுத்ததைக் கோயிலுக்கே கொடுத்தார். எந்தக் கல்வெட்டிலும் அம்மாவின் பெயர் கிடையாது. அந்த மரத்தைத்தான் மெஷின் வைத்து அறுத்து, வேரை ஜே.சி.பி. விட்டுப் பிடுங்கி, ஞாயிறு ஆராதனைக்குள் மண்ணை நிரவிவிட்டீர்கள். மரத்தடியில்தான் பெண்கள் ஐக்கிய சங்கம் கூடும். வெட்டலாமா என்று அந்தப் பெண்களில் ஒருவரிடமாவது கேட்டீர்களா?

மரத்தைக் கோயிலோடு சேர்த்துப் பேசுவது புறஜாதியார் வழக்கமாம். ஆபிரகாம் பெயெர்செபாவிலே தோப்பை உண்டாக்கி அங்கேதான் கர்த்தரைத் தொழுதுகொண்டான். ஆதியாகமம் 21:33, எடுத்துப் பாருங்கள். எத்தியோப்பியாவில் 4ஆம் நூற்றாண்டிலிருந்து கிறிஸ்தவம் இருக்கிறது. அந்த நாட்டின் வடபகுதியில் காடெல்லாம் விளைநிலமாகி, மிச்சமிருக்கும் பழைய காடுகளில் பெரும்பகுதி ஆலயங்களைச் சுற்றித்தான் நிற்கிறது. ஆலயம் இருப்பதால்தான் அந்த மரங்கள் பிழைத்தன. அவர்கள் மரத்தைக் கும்பிடவில்லை. ஆலயத்துக்கு அது அழகென்று காத்தார்கள். போப் பிரான்சிஸ் 2015இல் இயற்கையைக் காப்பதற்கென்றே ஒரு சுற்றுமடல் எழுதினார் என்று சொன்னால், "அது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) காரியம்" என்கிறீர்கள். சரி, நம் சபையிலும் ஜூன் மாதம் சுற்றுச்சூழல் ஞாயிறு ஆசரிக்கிறோமே, அது யார் காரியம்? கமிட்டியார் வரிசையாக நின்று மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டது அந்த வேம்பின் நிழலில்தான்.

"உலகம் எப்படியும் வெந்து அழியப்போகிறது, 2 பேதுரு 3:10" என்று எழுதியவருக்கு ஒரே கேள்வி. அப்படியானால் கோபுரத்தை ஏன் உயர்த்துகிறோம்? அதற்கு ஏன் வீடு வீடாக நன்கொடை?

கார் நிறுத்த இடம் வேண்டும் என்பது ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. முதியவர்கள் வருகிறார்கள். ஆனால் தெற்குப் பக்கம் பழைய பந்தல் கம்பிகளைக் குவித்து வைத்திருக்கும் இடத்தை ஒழித்துக் கொடுத்தால் போதாதா? இப்போது மரம் நின்ற இடம் முழுக்கப் பேவர் பிளாக் பதிக்கப் போகிறார்களாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதற்குள் மறந்துவிட்டதா? நம் பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்கவைத்துக் கஞ்சி காய்ச்சினோமே! அன்றைக்கு ஆலய வளாகத்தில் மண்தரை இருந்த பக்கம் தண்ணீர் வடிந்தது, சிமென்ட் போட்ட பக்கம் நின்றது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சபையார் எல்லாருக்கும் ஆலயத்தில் சோறு போடும் அசனத்தையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்ய? என் சிறுவயதில் அசனச் சோற்றைப் பனை ஓலைப்பட்டையில் வாங்குவோம். ஆறவிடாமல் பிடித்தால் கை சுடும், ஓலை வாசம் சோற்றில் ஏறும். சாப்பிட்டதும் பட்டையை மாட்டுக்குப் போட்டுவிடுவோம். இப்போது பிளாஸ்டிக் பூசிய தட்டு, பிளாஸ்டிக் குவளை, தண்ணீர்ப் பாக்கெட். மூன்றும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. எல்லாவற்றையும் மறுநாள் கல்லறைத் தோட்டத்து மூலையில் குவித்துக் கொளுத்துகிறோம். அந்தப் புகை பக்கத்து வகுப்பறைக்குள் போய்ப் பிள்ளைகள் இருமுகிறார்கள். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த நாளில் "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு" மீதியான துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னவரின் பெயரால்தானே அசனம் போடுகிறோம்? ஊரைச் சுற்றிப் பனை நிற்கிறது. குருத்தோலை ஞாயிறுக்கு மட்டும் அது பரிசுத்தமா?

"சபைக் காரியத்தை முகநூலில் எழுதலாமா, வெளியார் பார்க்க மாட்டார்களா" என்று கேட்கிறவர்களுக்கு: சபை மன்றத்தில் எழுந்து நின்றபோது என்னை உட்காரச் சொன்னவர்கள் நீங்கள். கடிதம் கொடுத்தேன், அதை வாசிக்கவும் இல்லை. "இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை" என்று என் காதுபடச் சொன்னார்கள். ஆம், எனக்கு வேறு வேலை இல்லை. பண்படுத்தவும் காக்கவும் சொன்னதுதான் வேலை. என் ஜெபவாழ்க்கையை அளக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் புன்னை மரங்களிலும் சுண்ணாம்பால் எண் எழுதியிருக்கிறார்கள். நேற்று மாலை நானே போய்ப் பார்த்தேன். எழுதச் சொன்னது யார், எதற்காக என்று வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் சபைப் போதகரான சேகரகுரு ஐயாவிடம் நேரில் கேட்கப்போகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சிலர் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு யாரும் வருவதாக இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். தம்பி, நீங்களும் வாருங்கள்.