டிஸ்க் கேட்டால் கஞ்சன் பட்டமா?

முந்தாநாள் நம் கேம் குழுவில் நான் போட்ட இரண்டு வரிப் பதிவின் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் இப்போது போய்த் தேட வேண்டாம், பாதி கமெண்ட்டை அவர்களே அழித்துவிட்டார்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: சோனியின் வீடியோ கேம் பெட்டியான பிளேஸ்டேஷனில், அடுத்து வரப்போவதில் கேம் டிஸ்க் போட வழியே இல்லையென்றால் எனக்கு அது வேண்டாம். இதற்குப் போய் அத்தனை சிரிப்பு. "அங்கிள், அப்படியே கேசட்டும் கேட்பீங்களா?" என்று ஒரு தம்பி. அதுகூடப் பரவாயில்லை, கேட்டுவிட்டுப் போகட்டும். "செகண்ட் ஹேண்டில் வாங்கியே பழகின கஞ்சப் புத்தி" என்று இன்னொருவர் எழுதினார் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பதிவு. அந்தக் கமெண்ட்டுக்கு லைக் போட்டவர்களில் என் வீட்டில் சாப்பிட்டவர்களும் இருந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காசு கொடுத்தால் பொருள் என்னுடையதாக இருக்க வேண்டும். ஆடி முடித்தபின் விற்பேன், தம்பி கேட்டால் கொடுப்பேன், பழைய பொருள் விற்கும் கெரோசல் செயலியில் போட்டு எம்ஆர்டி ரயில் நிலைய கேட் பக்கம் நின்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கைமாற்றுவேன், அது என் இஷ்டம். டவுன்லோடு செய்த கேமில் இதில் ஒன்றுகூட முடியாது. இத்தனைக்கும் விலை குறைவா என்றால் அதுவும் இல்லை, புதுப் பெரிய கேம் என்றால் நூறு வெள்ளியை ஒட்டித்தான் நிற்கிறது. அதில் ஜிஎஸ்டியும் அடக்கம். வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் டிஜிட்டல் சரக்குக்கும் 2020 ஜனவரியிலிருந்து இங்கே சிங்கப்பூரில் வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. ஆக, வரி கட்டும்போது நான் வாடிக்கையாளர். திருப்பி விற்கலாமா என்று கேட்டால் மட்டும், "ஐயா, நீங்கள் எதையும் வாங்கவில்லையே, பயன்படுத்த அனுமதிதானே பெற்றீர்கள்" என்று விதிமுறைப் பக்கத்தைக் காட்டுவார்கள். கலிபோர்னியாவில் 2025 முதல் இதை வாங்குபவரிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டம் போட்டுச் சொல்லவைக்கிற அளவுக்கு ஒரு விஷயத்தை மூடி வைத்திருந்தார்கள் என்றால், கஞ்சன் யார்?

பழைய ஆட்களுக்கு 2013 ஞாபகம் இருக்கும். தன் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பழைய டிஸ்க்கை விற்பதற்கும் கடன் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்து, உலகம் முழுக்கத் திட்டு வாங்கி, அதே ஜூன் மாதம் பின்வாங்கியது. அந்த நேரத்தில் சோனி ஒரு குட்டிக் காணொளி வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 4-இல் கேமை எப்படிப் பகிர்வது என்று விளக்கம். ஒருவர் கேம் பெட்டியை நீட்டுவார், பக்கத்தில் நிற்பவர் வாங்கிக்கொள்வார். முடிந்தது. நாங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம், கைதட்டினோம். அதே சோனி 2024 நவம்பரில் பிஎஸ்5 ப்ரோவை அமெரிக்காவில் 700 டாலருக்கு விற்கும்போது உள்ளே டிஸ்க் டிரைவ் இல்லை. வேண்டுமென்றால் தனியாக 80 டாலர். அந்த டிரைவை முதன்முதலாக மாட்டும்போது இணையத்தில் பதிவு வேறு செய்ய வேண்டும். இதைச் சொன்னால் நான் கேசட் காலத்து அங்கிள்.

"விற்கிற முழு கேம்களில் பத்தில் ஏழுக்கு மேல் டவுன்லோடுதான், நீ ஏன் தனியாகக் கத்துகிறாய்?" உண்மை, சோனியின் சொந்தக் கணக்கே அதைத்தான் சொல்கிறது. ஆனால் டிஸ்க் போடவே இடமில்லாத பெட்டியை விலை குறைத்து விற்றுவிட்டு, மக்கள் டிஸ்க் வாங்குவதில்லை என்று கணக்குக் காட்டினால் அதை நான் மக்கள் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

"சேல் வந்தால் டிஜிட்டல்தான் மலிவு" என்கிறார்கள். வந்தால்! எப்போது வரும், எவ்வளவு குறையும் என்பதை ஒரே ஒரு கடை முடிவு செய்கிறது. 2019 ஏப்ரலோடு முழு கேம்களுக்கான டவுன்லோடு குறியீடுகளை வெளிக்கடைகளுக்குக் கொடுப்பதையும் சோனி நிறுத்திவிட்டது. டிஸ்க் என்றால் சிம் லிம் மின்னணுக் கடைத்தொகுதியில் ஒரு விலை, பக்கத்துக் கடையில் ஐந்து வெள்ளி குறைவு, மூன்று மாதம் பொறுத்தால் கெரோசலில் பாதி விலை. பேரம் பேசாமல் பொருள் வாங்கினால் என் அம்மாவுக்குத் தூக்கம் வராது, எனக்கும் அந்த ரத்தம்தான்.

வீவக அடுக்குமாடி வீட்டில் டிஸ்க் வைக்க இடமில்லையாம். காலணி அலமாரியைத் திறந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

இன்னொருவர் கொஞ்சம் விவரமாகக் கேட்டார்: டிஸ்க் இருந்தாலும் என்ன பயன், தி க்ரூ கேமை யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-இல் மூடியபோது டிஸ்க் வைத்திருந்தவனும் ஆட முடியவில்லையே என்று. ஒத்துக்கொள்கிறேன். அது சர்வர் இல்லாமல் நகராத கேம், டிஸ்க் காப்பாற்றாது. ஆனால் அது டிஸ்க்கின் குற்றமா? காசு வாங்கிய பிறகும் சாவியைத் தன் இடுப்பிலேயே முடிந்துகொள்கிற அதே புத்திதானே அங்கேயும்? அந்தக் கோபத்தில், விற்ற கேமை இப்படி முடக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது, அவர்கள் எல்லாரும் கஞ்சர்களா? டிஸ்க்கில் இருப்பது அரைகுறை, மீதி அப்டேட்டில்தான் வரும் என்பதும் அவர் கேள்வி. சில கேம்களில் அப்படித்தான். பல பிஎஸ்5 டிஸ்க்குகளில் ஆடத் தகுந்த கேம் இருக்கத்தான் செய்கிறது. நின்டெண்டோவின் கேம் கருவி ஸ்விட்ச் 2-க்கு வந்திருக்கும் கேம்-கீ கார்டு ஒன்று உண்டு, கார்டுக்குள் கேமே இருக்காது, சாவி மட்டும், மீதியை டவுன்லோடு செய்ய வேண்டும். அதையாவது விற்கலாம் என்று என்னைச் சமாதானப்பட வைத்துவிட்டார்கள், எங்கே வந்து நிற்கிறோம் பாருங்கள்.

"சிங்கப்பூரில் இருந்துகொண்டு டவுன்லோடுக்குப் பயப்படுகிறாயே" என்கிறார்கள். வேகம் பற்றி நான் எங்கே பேசினேன்? 2025 பிப்ரவரியில் சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் ஏறத்தாழ ஒரு முழு நாள் படுத்துக் கிடந்தது, நமக்கு அது சனிக்கிழமை. நம் வீட்டு இணையம் வேகமாக இருந்து என்ன செய்தது?

என் அக்கா மகன் கதையைச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான், விடுமுறையில் வேலை பார்த்த காசில் கேம் வாங்குவான். போன் எண் மாறியது, அவன் கணக்கு பூட்டிக்கொண்டது. எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ரசீது மின்னஞ்சல் எல்லாம் அனுப்பினோம். உரிமையாளர் நீங்கள்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று அதே பதிலை வேறு வேறு பெயர்களில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். டவுன்லோடு செய்தது அத்தனையும் போச்சு. அதே பையனின் மேசையில் இருந்த டிஸ்க்குகள், புதுக் கணக்கு திறந்த அன்றே ஓடின. இதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

என்எஸ், அதாவது கட்டாய தேசிய சேவை போனவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அந்த அலவன்ஸில் யார் புது கேம் வாங்குவது? முகாமில் தூங்கும் பங்க் அறையில் நாலைந்து பேர் பேசிவைத்து ஆளுக்கு ஒன்று வாங்குவோம். வெள்ளிக்கிழமை புக் அவுட் ஆகி வீட்டுக்குக் கிளம்பும்போது மாற்றிக்கொள்வோம். அடுத்த வாரம் இன்னொன்று. எங்களில் ஒரு மலாய் நண்பன் திருப்பிக் கொடுக்கும் பெட்டிக்குள் எப்போதும் வேறொரு டிஸ்க் இருக்கும், அவனைத் திட்டாத ஞாயிறு கிடையாது. இன்றைக்கும் அவன் என் நண்பன். டவுன்லோடு கேமில் இதை எப்படிச் செய்வது? பாஸ்வேர்டையா சுற்றுக்கு விடுவது?

அதற்கும் முன்னால், பள்ளிக்கூட நாளில் என்னிடம் இருந்த பிஎஸ்2 கேம் ஒவ்வொன்றும் யாரோ ஆடி முடித்துக் கொடுத்ததுதான். (எல்லை தாண்டி ஜொகூரில் பத்து ரிங்கிட்டுக்கு வாங்கிய திருட்டு டிஸ்க்கை இங்கே கணக்கில் சேர்க்க வேண்டாம், நீங்களும்தான் வாங்கினீர்கள்.) அம்மா துப்புரவு வேலைக்குப் போய் எண்ணித் தந்த காசு அது. ஒன்றை விற்றால்தான் அடுத்தது. கீறல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குவேன், கடைக்காரர் சலித்துக்கொள்வார். செகண்ட் ஹேண்ட் என்ற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் நான் கேமே ஆடியிருக்க மாட்டேன், இன்று இந்தக் குழுவில் உங்களோடு மல்லுக்கு நிற்கவும் மாட்டேன். இப்போது சம்பாதிக்கிறேன், புதிதாகவே வாங்க முடிகிறது. அதற்காக, இன்றைக்கு யீஷூனிலோ ஜூரோங்கிலோ அப்படி ஒரு பையன் இருக்க மாட்டான் என்று நினைத்துக்கொள்ள வேண்டுமா? அவனிடமும் போய்க் கஞ்சப் புத்தி என்று சொல்வீர்களா? எனக்கு எழுதியதைவிட அதுதான் அதிகம் எரிகிறது. நம் வீடுகளில் பாதிப் பாடப்புத்தகம் அண்ணன் படித்ததுதானே, அப்போது இந்தப் பேச்சு வரவில்லையே.

டவுன்லோடே கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. சின்னச் சின்ன கேம்கள் பல டிஸ்க்கில் வருவதே இல்லை, அவற்றை நானும் டவுன்லோடு செய்துதான் ஆடுகிறேன். இரண்டும் இருக்கட்டும் என்கிறேன். ஒன்றை மூடிவிட்டு, இதுதான் வளர்ச்சி, பிடிக்காவிட்டால் ஒதுங்கு என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

அடுத்த பிளேஸ்டேஷனுக்கு டிரைவைத் தனியாக விற்றால் வாங்குவேன், திட்டிக்கொண்டே வாங்குவேன், அதற்கும் ஜிஎஸ்டி கட்டுவேன். டிரைவே கிடையாது என்றால் இருக்கிற பிஎஸ்5 எனக்குப் போதும். இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கேம்களே அலமாரியில் கிடக்கின்றன, அவற்றை முடிக்கவே எனக்கு ஓய்வூதிய வயது வந்துவிடும்.