பழைய வெர்ஷனில் வேறு விடை வந்ததே!

யாராவது நான்மெம் மென்பொருளின் புது வெர்ஷனுக்கு மாறினால் அந்த வாரமே ஒரு புலம்பல் கிளம்பும். "சார், அதே மாடல், அதே டேட்டா. பழசில் ஒரு விடை, புதுசில் ஒரு விடை. பேசாமல் பழைய வெர்ஷனுக்கே போய்விடலாமா?" கேள்வி மாதிரி இருந்தாலும் இது தீர்ப்பு. முதலில் வந்த எண் சரி, பின்னால் வந்தது கோளாறு என்று கேட்பவர் முடிவு கட்டிவிட்டார். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. முந்தி வந்தது என்பதைத் தவிர அந்தப் பழைய எண்ணுக்கு வேறென்ன தகுதி? வெர்ஷன் மாறியதும் விடை தலைகீழாகப் புரண்டால், நான் முதலில் சந்தேகப்படுவது மாடலைத்தான். மென்பொருள் மீது சந்தேகம் அப்புறம்தான் வரும்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு மருந்தைப் பலருக்குக் கொடுத்து, ஆளுக்குச் சில தடவை ரத்தம் எடுத்து, மருந்தின் அளவு நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம். உடல் அதை எவ்வளவு வேகத்தில் வெளியேற்றுகிறது, ஆளுக்கு ஆள் அது எவ்வளவு மாறுகிறது, எடைக்கும் சிறுநீரகத்துக்கும் அதில் என்ன பங்கு என்பதையெல்லாம் ஒரே மாடலில் கணிப்பதுதான் பார்மகோமெட்ரிக்ஸ். இதற்காக ஸ்டூவர்ட் பீலும் லூயிஸ் ஷைனரும் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970களின் கடைசியில் தொடங்கியதுதான் நான்மெம். இன்றும் அடியில் ஓடுவது ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல் மொழிதான். மாடலை விவரித்து நாம் எழுதும் கண்ட்ரோல் ஃபைலை அது ஃபோர்ட்ரானாக மாற்றி, நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவரும் கம்பைலரிடம் கொடுக்கும். அதற்கப்புறம்தான் ரன்.

இந்தக் கம்பைலர் சங்கதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். "வெர்ஷனை மட்டும்தான் மாற்றினேன்" என்பார்கள். விசாரித்தால் லேப்டாப்பே புதுசாக இருக்கும். இன்டெல் கம்பைலர் போய் ஜிஃபோர்ட்ரான் வந்திருக்கும். முன்பு பிராசஸரின் ஒரே கோரில் ஓடியது இப்போது எட்டுக் கோரில் பேரலலாக ஓடும். டேட்டாவைத் தயார் செய்யும் ஆர் மொழியும் போகிற போக்கில் அப்டேட் ஆகியிருக்கும். ஐந்தையும் சேர்த்து மாற்றிவிட்டு ஒன்றின் மேல் பழி போடுவது நியாயமா?

ஆர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2020இல் வந்த ஆர் 4.0.0இல் ஒரு சின்ன மாற்றம். சிஎஸ்வி ஃபைலைப் படிக்கும்போது எழுத்தாக இருக்கும் பத்தியை முன்பு அது தானாகவே ஃபேக்டராக, அதாவது உள்ளே 1, 2 என்று எண் போட்ட வகைப் பட்டியலாக, ஆக்கிவிடும். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். நல்ல முடிவுதான். ஆனால் பாலினத்தை எழுத்தாக வைத்து, அதை எண்ணாக மாற்றும் ஒரு வரியைப் பழைய ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். முன்பு 1, 2 என்று வந்த இடத்தில் இப்போது விடுபட்ட மதிப்பு வரும். ஒரு எச்சரிக்கை தலைகாட்டும், அதை யார் படிக்கிறார்கள்? விடுபட்டதைப் புள்ளியாக எழுதி நான்மெம்மிடம் கொடுப்போம். நான்மெம் அந்தப் புள்ளியைப் பூஜ்யம் என்று படித்துக்கொள்ளும், முணுமுணுப்பே இல்லாமல். ஆண், பெண் அத்தனை பேரும் பூஜ்யம். ரன் அருமையாக முடியும், விடை மட்டும் வேறு. இதில் நான்மெம் வெர்ஷனுக்கு என்ன சம்பந்தம்? அதனால் யார் வந்து கேட்டாலும் முதலில் நான் ஒப்பிடச் சொல்வது அவுட்புட்டின் மேல்பகுதியைத்தான். இரண்டு ரன்னிலும் ரெக்கார்டு எண்ணிக்கை ஒன்றா, ஆட்கள் எண்ணிக்கை ஒன்றா? அப்புறம் டேபிள் ஃபைலைத் திறந்து கோவேரியேட் (எடை, பாலினம் போன்ற ஆளின் தன்மைகள்) பத்திகளை ஒரு பார்வை. பாதிப் புலம்பல் இங்கேயே அடங்கிவிடும்.

ஆட்களைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து மாடலை மறுபடி ஓட்டும் பூட்ஸ்ட்ராப் செய்பவர்களுக்கு இன்னொன்று. 2019இல் ஆர் 3.6.0 வந்தபோது சாம்பிள் எடுக்கும் முறையின் இயல்புநிலையையே மாற்றினார்கள். குலுக்கலைத் தொடங்கி வைக்கும் சீட் எண் அதேதான், ஆனால் தேர்வாகும் ஆட்கள் வேறு.

சரி, டேட்டா ஒன்றுதான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்து, மாறியது எந்த எண்? ஓஎஃப்வி (மாடல் டேட்டாவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண், குறைந்தால் நல்லது) மட்டும் மாறி, கிளியரன்ஸும் (உடல் மருந்தை வெளியேற்றும் திறன்) வால்யூமும் (மருந்து பரவும் கொள்ளளவு) அசையாமல் இருந்தால் பதற்றமே வேண்டாம். நான்மெம் வழக்கமாகக் காட்டும் ஓஎஃப்வியில் ஒரு மாறிலி சேராது. ஓர் அளவீட்டுக்கு 1.838 வீதம் வரும் மாறிலி அது. மோனோலிக்ஸ் போன்ற வேறு மென்பொருள்கள் அதைச் சேர்த்தே காட்டும். ஆர் மொழியோடு இலவசமாக வரும் தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து) டேட்டாவில் 12 பேர், 132 அளவீடுகள். பெருக்கினால் 242.6. இரண்டு மென்பொருளில் ஓட்டிவிட்டு "இருநூற்றுச் சொச்சம் வித்தியாசம் வருகிறதே" என்று தலையில் கை வைப்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கலாம். நான்மெம் 7 மாறிலி சேர்த்தது, சேர்க்காதது இரண்டையுமே அவுட்புட்டில் அச்சிடுகிறது. படிக்கத்தான் வேண்டும்.

கடைசித் தசமங்கள் மாறுவது வேறு கதை. கணினி ஒரு எண்ணைச் சுமார் 16 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 1க்குப் பின்னால் 16 பூஜ்யம் போட்ட எண்ணோடு 1ஐக் கூட்டி, அப்புறம் அந்தப் பெரிய எண்ணைக் கழித்தால் 1 வர வேண்டும், வருவது பூஜ்யம். கழித்துவிட்டுக் கூட்டினால் ஒழுங்காக 1 வரும். ஆக, கூட்டும் வரிசை மாறினால் விடை மாறும். கம்பைலரை மாற்றினாலும், வேகத்துக்காக அதன் ஆப்ஷனைக் கூட்டினாலும், பேரலலாக ஓட்டினாலும் மாறுவது இந்த வரிசைதான். இதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சில தர உறுதி ஆட்கள் ஆறாவது தசமம் வரை ஒத்துப்போக வேண்டும் என்று அடம் பிடிப்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: டோஸ் மாறுகிறதா? வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்வோம். 2020 வழிகாட்டுதல்படி இலக்கு, ஒரு நாளைய ஏயூசி (ரத்தத்தில் மருந்தளவு வளைவின் கீழ் உள்ள பரப்பு) 400 முதல் 600. நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம், கிளியரன்ஸ் மணிக்கு 4 லிட்டர் என்றால் ஏயூசி 500. புது வெர்ஷன் கிளியரன்ஸை 4.02 என்கிறதா? ஏயூசி 497.5. எந்த மருத்துவர் இதற்காக டோஸை மாற்றப்போகிறார்?

எனக்கு நிஜமாகவே எரிச்சல் வரும் இடம் கோவேரியேட் தேர்வு. ஓஎஃப்வி, புள்ளியியல் எல்லையான 3.84க்கு மேல் இறங்கினால் கோவேரியேட் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. பழைய வெர்ஷனில் 3.9 இறங்கியது, புதியதில் 3.8. உடனே "மென்பொருள் என் மாடலையே மாற்றிவிட்டது" என்று ஒரு மின்னஞ்சல். இல்லைங்க, கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்த ஒரு கோவேரியேட்டை உறுதியான கண்டுபிடிப்பு மாதிரி அறிக்கையில் எழுதியது நீங்கள். வெர்ஷன் மாற்றம் அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

எஸ்டிமேட்டுகளே, அதாவது மாடல் கணித்த மதிப்புகளே, பெரிதாக மாறும் ரகம்தான் சுவாரசியமானது. ஜூனியர் தம்பி ஒருவர் இரண்டு அவுட்புட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கிளியரன்ஸ் ஏறக்குறைய ஒன்று. உறிஞ்சும் வேகம் மட்டும் ஒன்றில் இன்னொன்றைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஓஎஃப்வியோ இரண்டாவது தசமத்தில்தான் வேறு. டேட்டாவைப் பார்த்தேன். மாத்திரை, ஆனால் ரத்தம் எடுத்தது பெரும்பாலும் அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால். மருந்து ஏறும் கட்டத்தில் ஒரு புள்ளிகூட உருப்படியாக இல்லை. உறிஞ்சும் வேகத்தைப் பற்றி அந்த டேட்டாவுக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாததைக் கேட்டால் ஒவ்வொரு வெர்ஷனும் வாய்க்கு வந்ததைச் சொல்லும். பழைய ரன்னில் கோவேரியன்ஸ் ஸ்டெப் (எஸ்டிமேட்டுகளை எவ்வளவு நம்பலாம் என்று கணிக்கும் கட்டம்) முடியாமல் நின்றிருந்தது. அதைக் கேட்டதற்கு, "மினிமைசேஷன் சக்சஸ்ஃபுல்னு வந்துச்சே சார்" என்றார்.

இதன் அண்ணன் ஃபிளிப்-ஃப்ளாப். மருந்து உள்ளே வரும் வேகமும் வெளியேறும் வேகமும் இடம் மாறிக்கொள்ளும், வால்யூமும் அதற்கேற்ப மாறும், வளைவு மட்டும் அப்படியே இருக்கும். தியோஃபிலினின் அரை ஆயுள் பெரியவர்களுக்குச் சுமார் 8 மணி நேரம் என்று ஏற்கெனவே தெரிவதால் எது எது என்று சொல்லிவிடலாம். புது மருந்தில், ஊசியால் நேரே ரத்தத்தில் கொடுத்த டேட்டாவும் கையில் இல்லாதபோது, எந்தப் பக்கம் போய் விழும் என்பதை, தேடலைத் தொடங்க நாம் கொடுக்கும் இனிஷியல் எஸ்டிமேட்டே தீர்மானித்துவிடும்.

அதனால் என் வழக்கம் இது. வெர்ஷன்களை ஒப்பிடும் முன், ஒரே வெர்ஷனில் இனிஷியல் எஸ்டிமேட்டுகளைக் கொஞ்சம் கலைத்து மறுபடி மறுபடி ஓட்டுவேன். ஸ்வீடனின் உப்சாலாவில் உருவான பிஎஸ்என் என்ற துணைக் கருவி இருந்தால் அதுவே கலைத்துக் கொடுக்கும். சேம், இம்பார்ட்டன்ஸ் சாம்பிளிங் போன்ற, குலுக்கலை நம்பும் கணிப்பு முறை என்றால் சீடை மாற்றுவேன். ஒரே வெர்ஷனுக்குள்ளேயே விடை அலைந்தால் இரண்டு வெர்ஷன் ஒத்துப்போகவில்லை என்று பேசுவதில் அர்த்தமில்லை. வகைக்கெழுச் சமன்பாடு மாடல் என்றால் டாலரன்ஸையும் (கணக்கின் துல்லிய அமைப்பு) பார்ப்பேன். சிக்டிஜிட் (விடையில் கேட்கும் இலக்கங்கள்) 3 என்றால் சிக்எல் (உள்கணக்கின் இலக்கங்கள்) 9 ஆவது இருக்க வேண்டும், டால் (சமன்பாட்டைத் தீர்க்கும் துல்லியம்) அதற்குக் குறையக்கூடாது. இதைச் சரி செய்ததுமே ரவுண்டிங் எரர் 134 என்ற பிழைச் செய்தி ஓடிப்போனதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மென்பொருளில் பிழையே இராது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, நான்மெம்முக்கே வெர்ஷன் வாரியாகப் பிழைப்பட்டியல் வெளியிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் அதைப் படியுங்கள், உங்கள் ஆட்வான் (மாடல் வகைக்கான துணைநிரல்), உங்கள் ஆப்ஷன் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் என்னைத் திட்டிக்கொள்ளலாம். பழைய வெர்ஷனை ஒரு விர்ச்சுவல் மெஷினில் பத்திரமாக வைத்திருப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, மருந்து அனுமதிக்காக அனுப்பிய பழைய சமர்ப்பிப்பை மறுபடி ஓட்டிக் காட்ட அது தேவைப்படும். ஆனால் புது மாடலையும் அதிலேயே ஓட்டிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

இனிமேல் கேட்க வருபவர்கள் ஓஎஃப்வி ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள். இரண்டு வெர்ஷனின் முழு அவுட்புட், கண்ட்ரோல் ஃபைல், கம்பைலர் பெயர், எத்தனை கோர் என்று அனுப்புங்கள். டேட்டாவை அனுப்ப முடியாவிட்டால், ரத்தம் எடுத்த நேரங்களை மட்டும் ஒரு படமாகப் போட்டு அனுப்பினால்கூடப் போதும். பெரும்பாலும் நான் முதலில் திறப்பது அந்தப் படத்தைத்தான்.