ரசீதுக்குப் பின்னால் பாருங்கள்

அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக 6,500 ரூபாய்க்கு ஒரு தஞ்சாவூர் ஓவியம் வாங்கி, நாலு பக்கமும் 'கண்ணாடி, கவனம்' என்று சிவப்பு மையில் எழுதி, தஞ்சாவூரிலிருந்து கோவைக்குக் கூரியரில் போட்டேன். ஒன்பதாவது நாள் போய்ச் சேர்ந்தது. அதற்குள் விசேஷம் முடிந்து பந்தலையே பிரித்தாயிற்று. பெட்டியை அசைத்தாலே கலகலவென்று சத்தம். உள்ளே கிருஷ்ணர் கன்னத்தில் கண்ணாடிச் சில்லு கீறி, தங்க ரேக்கு உரிந்து கிடக்கிறது.

சரி, நஷ்ட ஈடு கேட்போம் என்று போனால் பில் கொடு, பிரிக்கும்போது எடுத்த வீடியோ கொடு, மெயில் போடு என்று மூன்று வாரம் அலையவிட்டு, கடைசியில் "இன்சூரன்ஸ் போடலையே சார், ரசீதுக்குப் பின்னால பாருங்க" என்கிறார்கள். பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், எது உடைந்தாலும் எங்கள் பொறுப்பு 100 ரூபாய்தானாம். அனுப்பின கூலியே 380! புக் பண்ணும்போது இதை ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அக்காதான் "விடுடா, அந்தப் பக்கம் மாலை போட்டு மறைச்சுக்கறேன்" என்கிறாள்.