ரூபாய்க்குப் பத்து பைசா

போன வாரம் அம்மா பெயரில் இருக்கும் பெரம்பூர் வீட்டுக்குச் சொத்து வரி கட்டினேன். அதில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்காக நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் எத்தனை வருடங்கள் வாதாடினார்! வீடு வைத்திருப்பவர் தரும் காசில், வீடே இல்லாதவரும் படிக்கலாம். எனக்கு இன்றும் பிரமிப்பூட்டும் ஏற்பாடு இது.

சிறு பதிப்பகங்களின் புத்தகங்களை அரசு நூலகங்களுக்காக வாங்க வேண்டும் என்று சொன்னபோது, "விக்காத புத்தகத்துக்கு அரசு ஏன் காசு கொடுக்கணும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணியில் ஒரு சிறு பதிப்பகத்துக்குப் பல வருடங்களாக மெய்ப்புப் பார்க்கிறேன். ஒரு கவிதைத் தொகுப்பு 300 பிரதி போடுகிறோம். லே அவுட், அட்டை, பேப்பர், அச்சு எல்லாம் முன்பணம். கடைக்காரர் கழிவு போக, புத்தகக் காட்சியில் வாசகருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் ஸ்டால் வாடகை. 300 பிரதியும் விற்றாலும் அடுத்த புத்தகத்துக்குப் பணம் தேறாது. பெரிய பதிப்பகங்கள் தொடத் தயங்கும் முதல் தொகுப்பையும் வட்டார வழக்கு நாவலையும் இப்படிப்பட்ட சிறு பதிப்பகத்தார்தான் போடுகிறார்கள்.

நூலக ஆணை, அதாவது பொது நூலகங்களுக்குப் புத்தகம் கேட்டு அரசு தரும் ஆர்டர், வந்தால் நிலைமையே வேறு. அதை நான் மானியமாகப் பார்ப்பதில்லை. அரசு காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறது, அது கிளை நூலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. புத்தகம் வாங்க வழியில்லாத பள்ளி நாட்களில், ஊதா முத்திரை குத்திய ஒரு மெலிந்த சிறுகதைத் தொகுப்பை அப்படித்தான் எடுத்துப் படித்தேன். அதைப் போட்ட பதிப்பகம் இன்று இல்லை. நான் மெய்ப்புப் பார்க்க வந்ததற்கு அந்தப் புத்தகம்தான் காரணம். நார்வேயில் 1965 முதல் புதிய இலக்கிய நூல்களை அரசே வாங்கி நூலகங்களுக்குக் கொடுக்கிறது. அங்கே மொழி பேசுவோரும் குறைவு, புத்தகச் சந்தையும் சின்னது.

ஆனால் ஆணை எப்போது வரும், பணம் எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பது பெரிய கொடுமை. எனக்குத் தெரிந்த ஒரு பதிப்பாளர், ஓர் அரசு ஆர்டருக்குப் புத்தகங்களைக் கட்டி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். பணம் வரவில்லை. கையில் தயாராக இருந்த ஒரு முதியவரின் தன்வரலாற்றை இரண்டு வருடம் தள்ளிப் போட்டார். மூன்றாவது மெய்ப்பு என் மேசையில் இருக்கும்போது அந்தப் பெரியவர் இறந்துவிட்டார். அட்டையைக்கூட அவர் பார்க்கவில்லை.

2024இல் இணையவழியில் விண்ணப்பிக்கும் வெளிப்படையான கொள்முதல் முறை வந்ததை மனதார வரவேற்கிறேன். 2023இல் தொடங்கிய சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சியை ஒட்டி மொழிபெயர்ப்பு மானியம் தருவதும் நல்ல காரியம். சரி, தமிழ் நூல்கள் வேறு மொழிகளுக்குப் போகட்டும். அதற்கு முதலில் அவை தமிழில் அச்சாக வேண்டும் அல்லவா?

காசு வாங்கினால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும் என்ற பயமும் நியாயமானதே. அதனால்தான் தேர்வுக் குழுவில் எழுத்தாளர்களும் நூலகர்களும் இருக்க வேண்டும், யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்கிறேன். வருடா வருடம் ஒரே மாதத்தில் ஆணை, புத்தகம் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பணம். புதிதாகத் தொகை எதுவும் கேட்கவில்லை. நாம் ஏற்கெனவே கட்டும் நூலக வரியிலிருந்து சிறு பதிப்பகங்களுக்கு ஒரு பங்கை எழுத்துப்பூர்வமாக ஒதுக்கினால் போதும்.