அட்டெண்டர் ஆங்க்ஷியஸ்

அந்த ஆஸ்பத்திரி காரிடார் வீடியோவைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன். நீளமாகத்தான் வரும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே அடுத்த மீமுக்குப் போய்விடலாம்.

வீடியோவில் என்ன இருக்கிறது என்று மறுபடி விளக்கப் போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று. நோயாளிக்குத் துணையாக, அதாவது அட்டெண்டராக, இருக்கும் ஒரு பெண் காரிடாரில் கத்துகிறாள், "யாராவது வந்து பாருங்க" என்கிறாள். ஒரு மனிதர் நின்று நிதானமாக அதைப் படம் பிடிக்கிறார். கீழே நம் ஆட்கள் சிரிக்கிறார்கள். "ஓவர் ஆக்டிங்." "கூகுள் டாக்டர் வந்துட்டாங்க." "முதல்ல இந்த அட்டெண்டருக்கு ஒரு ஊசி போடுங்கப்பா." இந்தக் கடைசி நகைச்சுவைக்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். அவரவருக்குத் தெரியும்.

இத்தனை கமெண்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை: அவள் எதைப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வந்தாள்? உள்ளே கட்டிலில் இருந்தவருக்கு அந்த நேரத்தில் என்ன ஆகிக்கொண்டிருந்தது? அவள் குரலின் டெசிபலை அளக்கிறீர்கள். அவள் சொன்ன தகவலை யாராவது காதில் வாங்கினீர்களா?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நோயாளியின் கூட இருப்பவர் ஒரு சாட்சி. அவர் பார்த்ததைக் கேட்க வேண்டும், கேட்டதைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். தண்ணீர் பாட்டில் வாங்கி வரவும், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஃபார்மசிக்கு ஓடவும், கையெழுத்துப் போடவும் மட்டும் நேர்ந்துவிட்ட ஆள் இல்லை அட்டெண்டர்.

என் அம்மா விஷயம் இங்கே பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, செய்தவர் கெட்டிக்காரர். அதற்குப் பிறகு வார்டில் ஒரு ராத்திரி. அம்மா மூச்சு வாங்க ஆரம்பித்தார்கள். இருமல் இல்லை, முனகல்கூட இல்லை. படிக்கட்டு ஏறி வந்தவர் போல நெஞ்சு வேகமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கை சில்லென்று இருந்தது. யூரின் பேக்கில் சாயங்காலம் பார்த்த அளவே நின்றது. என்னைப் பார்த்து, சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

சிஸ்டரிடம் சொன்னேன். விரலில் கிளிப்பை மாட்டி, "ஆக்சிஜன் 96 இருக்கு, நல்லாத்தான் இருக்காங்க" என்றார். திரும்ப வந்து உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்து அம்மாவின் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு 34. மறுபடி போய்ச் சொன்னேன். டூட்டி டாக்டர் வந்தார், கட்டிலின் காலடியில் நின்று பார்த்தார், "வலியில அப்படித்தான் இருக்கும், ரிலாக்ஸா இருங்க, காலைல ரவுண்ட்ஸ்ல சார் பார்ப்பாங்க" என்று போய்விட்டார். நான் கத்தவில்லை. கவனியுங்கள், நான் கத்தவே இல்லை. "சார், ப்ளீஸ்" என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்கினேன். காலையில் சார் வந்தபோது பி.பி. விழுந்திருந்தது. ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. செப்சிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள், கிருமித் தொற்றை எதிர்க்கப் போய் உடம்பு தன் உறுப்புகளையே பழுதாக்கிக்கொள்ளும் நிலை.

பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்பது இயல்பு. இங்கிலாந்தில் வார்டு நோயாளி மோசமாகிறாரா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள, மதிப்பெண் போடும் ஒரு முறையை 2012-ல் கொண்டுவந்தார்கள், நியூஸ் (NEWS) என்று பெயர். மதிப்பெண் கூடினால் ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம். அதில் மூச்சு 25-ஐத் தொட்டாலே 3 மதிப்பெண். ஏதாவது ஒரு அளவில் 3 வந்தாலே டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. 2017-ல் அதைத் திருத்தியபோது 'புதிதாக வந்த குழப்பம்' என்பதையும் சேர்த்து, அதற்கும் 3 கொடுத்தார்கள். அம்மா என்னைச் சித்தியின் பெயரால் கூப்பிட்டது அதுதான். ஆக்சிஜன் 96 இருந்ததில் ஆறுதல் ஒன்றும் இல்லை. உடம்பு வேகமாக மூச்சு வாங்கி வாங்கித்தான் அந்த எண்ணைத் தாங்கிப் பிடிக்கிறது. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. எனக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்தவர்களிடம்தானே போய்ச் சொன்னேன்!

அப்புறம் கேஸ் ஷீட்டின் நகலை வாங்கினேன். வாங்கிய கதை தனி, அது இன்னொரு நாள். மூச்சு என்ற கட்டத்தில் அந்த ராத்திரி முழுக்க 18, 18, 18, 18. பி.பி., பல்ஸ், ஆக்சிஜன் எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிறது. சாதாரண வார்டில் மூச்சை மட்டும் ஒரு ஆள் நின்று, கடிகாரத்தைப் பார்த்து, முழு நிமிடம் எண்ண வேண்டும். யார் எண்ணுவது? 18 என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. எண்ணிய ஆள் ஒருத்தி கட்டில் பக்கத்திலேயே இருந்தேன். நான் சொன்ன 34 எங்கேயும் இல்லை.

நானே அந்தக் காகிதத்தில் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறேன். ஒரே ஒரு வரி. "அட்டெண்டர் ஆங்க்ஷியஸ். ரீஅஷ்யூர்டு."

அட்டெண்டர் பதற்றமாக இருந்தாராம். ஆறுதல் சொல்லப்பட்டதாம். அம்மாவின் மூச்சைப் பற்றி நான் சொன்ன தகவல் எனக்கு வந்த வியாதியாகப் பதிவாகி, அதற்கு வைத்தியமும் பார்த்து முடித்திருக்கிறார்கள். அந்த ராத்திரி அந்த வார்டில் சிகிச்சை கிடைத்த ஒரே நபர் நான்தான்.

இதனால்தான் அந்த வீடியோவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கத்தினாள், ஓவர் ஆக்டிங் என்றீர்கள். நான் கெஞ்சினேன், ஆங்க்ஷியஸ் என்று எழுதினார்கள். எந்தக் குரலில் சொன்னால் தகவல் என்று எடுத்துக்கொள்வீர்கள்? ஒரு லிஸ்ட் கொடுங்கள், அந்த ராகத்திலேயே பாடிவிடுகிறோம். இதே விஷயத்தை மீசை வைத்த ஒருவர் கனத்த குரலில் சொல்லியிருந்தால் அந்தக் காகிதத்தில் ஆங்க்ஷியஸ் வந்திருக்குமா என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இப்போது வருவீர்கள், தெரியும். "டாக்டர்களின் கஷ்டம் உனக்குத் தெரியுமா?" தெரியும். தூக்கமில்லாமல், சாப்பிடாமல், ஒரே ஆள் எத்தனையோ கட்டிலைப் பார்க்கிறார். அவரை அப்படி நிற்க வைத்தது நானா? ஆள் பற்றாக்குறைக்கு நிர்வாகத்தின் சட்டையைப் பிடிக்க வேண்டியது போய், நோயாளியின் மகளைப் பார்த்து "நீ ஏன் தொந்தரவு செய்கிறாய்" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? சொல்லப் போனால், ஆள் குறைவான வார்டில்தான் கூட இருப்பவரின் கண் அதிகம் தேவை. சம்பளம் கேட்காமல் ராத்திரி முழுக்க ஒரே நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள் கிடைத்தால், அவர் சொல்வதை வாங்கிக்கொள்ள என்ன கேடு?

"டாக்டர்களை அடிக்கிறார்களே?" அடிப்பவன் கிரிமினல். உள்ளே வையுங்கள். அடுத்தது.

"படிக்காதவர்கள் சொல்வதை எல்லாம் கேட்டு வைத்தியம் பார்க்க முடியுமா?" வைத்தியம் என்ன என்று நான் சொல்லவே இல்லையே. மூச்சு 34 என்றேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "இல்லம்மா, 18 தான்" என்று காட்டியிருந்தால் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் இவ்வளவு காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உலகத்தில் நடக்காததை நான் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007-ல் ரையான் சாண்டர்ஸ் என்ற குழந்தை இறந்தான், மூன்று வயதுகூட நிறையவில்லை. பிள்ளை மோசமாகிறான் என்று பெற்றோர் சொன்னது எடுபடவில்லை. இப்போது அங்கே 'ரையான் விதி' இருக்கிறது. முதலில் நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லலாம், கேட்கவில்லையென்றால் பொறுப்பு நர்ஸிடம், அதற்கும் அசையவில்லையென்றால் ஒரு நம்பருக்கு ஃபோன் போட்டால் வேறொரு குழு வந்து பார்க்கும். இங்கிலாந்தில் 2021-ல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் செப்சிஸில் இறந்தாள். முன்பே ஐசியுவுக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று விசாரணையில் சொன்னார்கள். அவளுடைய அம்மா விடாமல் எழுதி, பேசி, 2024-ல் 'மார்த்தா விதி' அங்கே ஆஸ்பத்திரிகளுக்குள் வரத் தொடங்கியது. இரண்டாவது கருத்துக்கு எந்நேரமும் கூப்பிடலாம். நோயாளி எப்படி இருக்கிறார் என்று அவரிடமும் குடும்பத்திடமும் தினமும் கேட்டு எழுத வேண்டும். கேட்டு, எழுத வேண்டும். நான் மேலே சொன்னதுதான். நான் சொன்னால் பதற்றம், அங்கே சொன்னால் கொள்கை.

"இப்படி ஆரம்பித்தால் எல்லோரும் கேஸ் போடுவார்கள்" என்று ஒரு டாக்டர் நண்பர் சொன்னார். நல்ல மனிதர், அவர் பயம் புரிகிறது. ஆனால் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 2001 முதல் தவறு நடந்தால் தாங்களே போய்ச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் பேசுகிறார்கள். வழக்குகள் கூடவில்லை, குறைந்தன. எனக்கு அதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. பதில் கிடைத்தவன் எதற்கு வக்கீலிடம் போகிறான்?

பணத்துக்காகத்தான் அலைகிறேன் என்று சொந்தத்திலேயே ஒருவர் சொன்னார். இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் உண்டு. இன்று அதை உடைக்கிறேன். என் புகார்க் கடிதத்தில் தொகை என்று எதுவுமே இல்லை. எடுத்துப் படியுங்கள், அனுப்பியே வைக்கிறேன். பணம் கேட்கிற குடும்பத்தையும் கேவலமாகப் பேசாதீர்கள். சம்பாதிக்கிறவரை இழந்துவிட்டு நிற்பவர்கள் வேறு எதைக் கேட்பார்கள், பொன்னாடையா?

ஆஸ்பத்திரியின் பதில் எப்படி இருந்தது தெரியுமா? என் புகார் அவர்களுக்குப் 'புகார்' கிடையாது, 'ஃபீட்பேக்'. மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி. நெறிமுறைகள் பின்பற்றப்பட்டன. ஆதாரம்? மூச்சு 18 என்று பதிவாகியிருக்கிறதே! அவர்கள் எழுதியதற்கு அவர்கள் எழுதியதே சாட்சி. என் பக்கம் இருப்பது, அன்று ராத்திரி அண்ணனுக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப். "அம்மா மூச்சு ரொம்ப வேகமா விடுறாங்கடா, எண்ணிட்டேன் 34, சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க." பக்கத்தில் நேரமும் இருக்கிறது, 2.40. இப்போது என்னிடம் இருக்கும் ஒரே கேஸ் ஷீட் அதுதான்.

யாராவது இப்போது ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறீர்கள் என்றால், சண்டை போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கண்ணில் பட்டதை நேரத்தோடு யாருக்காவது மெசேஜ் அனுப்பி வையுங்கள். யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்து. "நான் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை. பின்னால் கேள்வி கேட்கும் நிலை வந்தால், டிஸ்சார்ஜ் சம்மரி, டெத் சம்மரி என்று ஒரு பக்கக் காகிதத்தோடு அனுப்பப் பார்ப்பார்கள். நர்ஸ் நோட்ஸ், மருந்து சார்ட், அளவுகள் எழுதும் சார்ட் எல்லாம் சேர்ந்த முழு ஃபைலின் நகலையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பல நாடுகளில் அது சட்டப்படியான உரிமை.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. அந்த மெசேஜ் போனது அவனுக்குத்தான். காலையில்தான் பார்த்தான். அன்றிலிருந்து அவனுக்கு இந்தப் பேச்சே ஆகாது. "போனவங்க வரப் போறதில்ல, விடு, உன் உடம்பைப் பாரு" என்கிறான். அவன் துக்கம் அப்படி, பேசாமல் இருந்தால்தான் அவனால் நிற்க முடிகிறது. என்னால் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் நிற்க முடிகிறது. இரண்டு பேரும் ஒரே அம்மாவுக்குத்தான் அழுகிறோம். ஆனால் அவனுக்கு 'பக்குவம்' என்று பெயர், எனக்கு 'இன்னும் வெளிய வரல' என்று பெயர். ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு தேதி வாரியாக எழுதும்போது அம்மாவோடு கொஞ்ச நேரம் இருந்த மாதிரி இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அதற்கும் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள்.

போன வாரம் மறுபடி கடிதம் கொடுத்திருக்கிறேன். விசாரணை, நடவடிக்கை எல்லாம் அவர்கள் வழியில் எப்படியோ நடக்கட்டும், நடக்காமலும் போகட்டும். இந்த முறை ஒரே ஒரு கோரிக்கை. அந்தக் கேஸ் ஷீட்டோடு ஒரு வரி இணைக்க வேண்டும்: "நோயாளியின் மூச்சு நிமிடத்துக்கு 34 என்று அவருடைய மகள் எண்ணிச் சொன்னார்." அவ்வளவுதான். நான் சொன்னது உண்மை என்றுகூட எழுத வேண்டாம். சொன்னேன் என்று எழுதினால் போதும்.

பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன். அதுவரை 'மூவ் ஆன்' என்று கமெண்ட் போடுகிறவர்களை பிளாக் செய்வதாக இருக்கிறேன், அண்ணன் உட்பட.